கேமரன் மலையில் ஒரு ரவுண்ட்: ஒரே நாளில் போய்வரலாமா?

சுபாங் வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 3, 2026

கேமரன் மலை கோல்ப் மைதானத்தில் ஆட நாலு பேர் கிளம்புகிறோம். தைப்பூச வாரக் கடைசியில் நீண்ட விடுமுறை வருகிறது, அதில் ஒரு நாள். விடியற்காலை நாலு மணிக்கு கேஎல்லை (கோலாலம்பூரை) விட்டால் எட்டு மணிக்கு டீ-ஆஃப் (முதல் அடி), மதியம் முடிச்சு ராத்திரி வீட்டில் சாப்பாடு. மலையில் காற்று லேசு, பந்து பத்து விழுக்காடு கூடப் போகும், எல்லா ஷாட்டுக்கும் ஒரு நம்பர் குறைத்து, அதாவது 7 அயர்ன் கிளப்புக்குப் பதில் தூரம் குறைவாகப் போகும் 8 எடுத்தால் போதும்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. வேற ஏதாவது கவனிக்கணுமா?

ஜனவரி 4, ஞாயிறு இரவு

முதலில் அந்த நாலு மணிக் கிளம்பலைப் பேசிவிடுவோம். பத்து விழுக்காடு அப்புறம்.

கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தாப்பா டோல் வரைக்கும் நெடுஞ்சாலை, ஓட்டுபவரைத் தவிர மற்ற மூன்று பேரும் தூங்கிக்கொண்டே போகலாம். டோலைத் தாண்டியபின் வருகிற கடைசி அறுபது கிலோமீட்டர்தான் பயணமே. லாத்தா இஸ்கண்டார் அருவி, ரிங்லெட், அணைக்கட்டு ஏரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், நடுவில் எல்லாம் வளைவு. இருட்டில், பனிமூட்டத்தில், எதிரே காய்கறி லோரி இறங்கிக்கொண்டிருக்கும்போது இதை ஓட்டிவிட்டு, காடியிலிருந்து இறங்கிய கையோடு முதல் டீயில் (முதல் அடி அடிக்கும் மேடையில்) போய் நிற்பவருடைய தோளைப் பார்த்திருக்கிறேன். காதுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தத் தோளோடு சுற்றினால் பந்து எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின் இருக்கையில் இருப்பவர் வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்தால் அது தனி அதிர்ஷ்டம். பீடோரில் இறங்கி வாத்து மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அது இறங்கி வரும்போது.

திரும்பும் வழி இன்னும் மோசம். பன்னிரண்டரை, ஒரு மணிக்கு ஆட்டம் முடியும். குளித்து, பசியாறி, கிளம்ப மூன்று மணி. மலையில் மழை பிடிக்கிற நேரமும் அதுதான். களைத்த உடம்பு, ஈரச் சாலை, இறக்கம். வேண்டாம். முந்தின நாளே ஏறி ஒரு இரவு தங்குங்கள். விடுதிக் காசு போனால் போகட்டும்.

ஒரே நாள்தான் முடியும், அதுவும் மலைதான் வேண்டும் என்றால் கெந்திங் போகும் வழியில் அவானா கோல்ப் மைதானம் இருக்கிறது. கேஎல்லிலிருந்து ஒரு மணி நேரம். உயரம் சுமார் 3,000 அடி, கேமரனை விடக் குறைவு, ஆனால் மலை மைதானத்துக்கு உண்டான பள்ளம் மேடு எல்லாம் தாராளமாக உண்டு.

ஜனவரி 5

"ஜிபிஎஸ் சிம்பாங் பூலாய் வழியாகப் போகச் சொல்கிறது, சாலை அகலமாக இருக்குமாமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அகலம்தான். வளைவும் நிதானமானது. ஈப்போவிலிருந்து வருபவர்களுக்கு அதுவே சரி. ஆனால் கோல்ப் மைதானம் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில் இருக்கிறது. தாப்பா வழியாக ஏறினால் ரிங்லெட், தானா ராத்தா, அடுத்தது மைதானம், முடிந்தது. சிம்பாங் பூலாய் வழியாக வந்தால் கம்போங் ராஜா, திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் எல்லாவற்றையும் கடந்துதான் மைதானத்துக்கு வர வேண்டும். விடுமுறை நாளில் கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் காடிகள் நகராது. ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்க வந்தவர்கள் சாலையிலேயே நிறுத்தியிருப்பார்கள். டீ டைமை (ஆட்டம் தொடங்கப் பதிந்த நேரத்தை) அங்கேயே வழியனுப்பி வைக்கலாம்.

ஜனவரி 6

இப்போது பத்து விழுக்காடு.

இந்தக் கணக்கு அமெரிக்காவின் டென்வர் நகரத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். டென்வர் 1,600 மீட்டர் உயரம், அங்கே ஆடுபவர்கள் வாய்வழக்கமாகப் பத்து விழுக்காடு என்பார்கள். நம் தானா ராத்தா, பிரிஞ்சாங் பகுதி 1,450 முதல் 1,550 மீட்டர். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே பத்து என்று நம் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள்.

பந்துத் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு அதைவிட அடக்கமானது. ஆயிரம் அடிக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். கேமரன் ஏறத்தாழ 5,000 அடி என்று வைத்தால் ஆறு விழுக்காட்டுக்குள் வருகிறது. காற்று பதினைந்து விழுக்காடு மெலிந்திருக்கும்போது தூரம் ஏன் அவ்வளவு கூடவில்லை என்று கேட்கலாம். காற்று பந்தை இழுத்துத் தடுக்கவும் செய்கிறது, சுழலும் பந்தைத் தூக்கிப் பிடிக்கவும் செய்கிறது. மெல்லிய காற்றில் தடை குறையும், தூக்கலும் குறையும். பந்து கொஞ்சம் தாழ்வாகப் பறந்து கொஞ்சம் தள்ளிப் போய் விழும். வேகமாகச் சுற்றி உயரமாக அடிப்பவருக்கு லாபம் அதிகம். என்னைப் போல் தாழ்வாகத் தள்ளிவிடுபவருக்கு அந்த ஆறும் முழுசாகக் கிடைக்காது.

அதிலும் குளிர் பங்கு கேட்கும். கேஎல்லில் காலை ஏழு மணிக்கு 25 பாகை, கேமரனில் 16, 17. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பந்தும் கொஞ்சம் விறைத்திருக்கும், நீங்கள் வேறு ஸ்வெட்டருக்குள் இருப்பீர்கள். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது நாலு விழுக்காடு அளவு.

கேஎல்லில் 7 அயர்ன் 140 மீட்டர் போகிறதா? மலையில் 145, 146. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி பத்து மீட்டர். ஆக நீங்கள் குறைக்க வேண்டியது அரை நம்பர். முழு நம்பர் குறைத்தால் கிரீனுக்கு (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) முன்னால் இருக்கிற மணலிலோ ஓடையிலோதான் போய் இறங்குவீர்கள்.

டிரைவரில் (தூரமாக அடிக்கும் நீளமான கிளப்பில்) இன்னும் வேடிக்கை. காற்றில் எட்டு மீட்டர் கூடக் கிடைக்கும், சரி. ஆனால் பனியும் மழையும் ஊறிய ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளியில்) பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நம்ம ஊர்க் காய்ந்த தரையில் உருண்டு சேர்த்துக்கொள்ளும் பதினைந்து மீட்டர் போச்சு. மொத்தத்தில் மலையில் உங்கள் டிரைவ் குறையத்தான் வாய்ப்பு.

ஜனவரி 6, கொஞ்சம் கழித்து

"ஈரக் காற்று பாரமானது, அதில் பந்து போகாது" என்று கீழே ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, நேர்மாறு. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட லேசானது. ஒரே வெப்பநிலையில் ஈரக் காற்றுதான் காய்ந்த காற்றை விட லேசு. வித்தியாசம் மிகச் சொற்பம், ஷாட்டில் தெரியாது. நமக்குப் பாரமாக இருப்பது வேர்வையில் ஊறிய சட்டை.

ஜனவரி 8

சித்தப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் கோல்ப் ஆடியதில்லை. ஆனால் பிறந்து வளர்ந்தது கேமரன் தேயிலைத் தோட்டத்து லயத்தில். போ (BOH) தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது, தாத்தா கூட்டத்தோடு மலையேறியது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அறுபதுகளில் தோட்டத்துப் பையன்கள் சிலர் சனி ஞாயிறில் கோல்ப் மைதானத்துக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பையைத் தூக்குவார்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். பையைத் தூக்கியதை விட பந்து தேடியதுதான் அதிகமாம்.

அவர் சொன்ன ஒன்றைக் குறித்து வைத்தேன். "கிரீன்ல பந்து எந்தப் பக்கம் போகும்னு துரை கேப்பாரு. நான் கிரீனைப் பாக்கவே மாட்டேன். சுத்தி தண்ணி எந்தப் பக்கம் வடியுதுன்னு பாப்பேன்."

விஷயம் தெரிந்தவர் சொல்வதும் இதேதான். மலைச்சரிவில் நிற்கும்போது சுற்றியுள்ள சரிவையே கண் சமதளம் என்று எடுத்துக்கொள்ளும். கிரீன் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருந்தாலும் தட்டையாகத் தெரியும். சில இடத்தில் ஏறுமுகமாகக்கூடத் தெரியும். பட் செய்த (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டிவிட்ட) பிறகுதான் பந்து கண்ணுக்கு மேட்டில் ஏறி ஓடும். ஆகவே கிரீனுக்கு வரும் வழியிலேயே, தூரத்திலிருந்தே, எந்தப் பக்கம் மலை எந்தப் பக்கம் பள்ளம் என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் மேல் குனிந்து பார்ப்பது அப்புறம்.

ஜிம் தாம்சன் கதையையும் எடுத்தார். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்போன அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகல், தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், இராணுவம், ஓராங் அஸ்லி (பூர்வகுடி) வழிகாட்டிகள் என்று காடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு கொஞ்ச காலம் பந்து தேடவும் காட்டுக்குள் விடமாட்டார்களாம். வருமானம் போச்சே என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறார்.

ஜனவரி 9

பந்து தேடுவது பற்றி இருவர் கேட்டதால்: 2019 விதி மாற்றத்திலிருந்து தேடும் நேரம் மூன்று நிமிடம்தான், முன்பு போல் ஐந்து கிடையாது. காட்டுப் பக்கம் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே டீயை விட்டு நகரும் முன் புரொவிஷனல் பந்து (முதல் பந்து தொலைந்தால் பயன்படும் மாற்றுப் பந்து) அடித்துவிடுங்கள். "புரொவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் செல்லாது.

ஜனவரி 11

தேதி. கேட்டவர் தைப்பூச வாரக் கடைசி என்றிருந்தார். பிப்ரவரி 1 ஞாயிறு தைப்பூசம், அதே நாள் கூட்டரசுப் பிரதேச தினமும், திங்களும் விடுமுறை. பத்துமலைக்குப் போகாத கேஎல் முழுவதும் அன்றைக்கு மலையில்தான் இருக்கும். பதினேழாம் தேதி சீனப் புத்தாண்டு, அந்த வாரம் நினைத்தே பார்க்காதீர்கள். நடுவில் ஒரு பொந்து இருக்கிறது. பிப்ரவரி 3க்கும் 13க்கும் இடையில் ஒரு வார நாள். பள்ளிக்கூடம் நடக்கும், அறைகள் காலியாக இருக்கும், வருடத்தில் கேமரனில் மழை குறைவான மாதங்களும் ஜனவரி, பிப்ரவரிதான்.

எங்கள் பிளைட் (சேர்ந்து ஆடும் குழு) பிப்ரவரி 7, சனிக்கிழமை போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 12

சனிக்கிழமை வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். எழுதிவிட்டுப் படுத்தபோதுதான் யோசனை வந்தது. சனி காலை ஆட வேண்டுமென்றால் வெள்ளி மாலை ஏற வேண்டும். வெள்ளி மாலை கேஎல்லை விட்டு வடக்கே போகும் நெடுஞ்சாலையை நினைத்தாலே எனக்குத் தலைவலி. புதன் 11 என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய் காலை நிதானமாகப் புறப்பட்டு வெளிச்சத்தில் ஏறுவது.

வங்கியில் வேலை செய்யும் நண்பர் மட்டும் முனகுகிறார், இரண்டு நாள் லீவு போகிறதாம். கோல்ப் ஆடும் வங்கிக்காரருக்கு லீவு என்ன பெரிய விஷயம்.

ஜனவரி 18

டீ டைம் எத்தனை மணிக்கு எடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். எத்தனை நம்பர் அயர்ன் என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு மலையில் மணியைப் பாருங்கள்.

இந்த மாதங்களில் விடிவதே ஏழேகால், ஏழரைக்குத்தான். அதற்குப் பின்னும் பள்ளத்தாக்கில் பனி கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். முன்னால் போன பிளைட் கண்ணுக்குத் தெரியாத வரை அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ஆகவே முதல் டீ டைமைப் பிடித்தால் பனியில் காத்து நிற்பீர்கள். பத்து மணிக்கு எடுத்தால் கடைசி நாலு குழியில் மழை. எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில் எடுப்பது என் தேர்வு. நாலரை மணி நேரம் போட்டால் ஒரு மணிக்குள் உள்ளே வந்துவிடலாம்.

மழை மட்டும் என்றால் குடையோடு ஆடலாம். இடி என்றால் கதை வேறு. மின்னல் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நினைத்தால் யாரையும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு, விதி 5.7. நீண்ட சைரன் ஒலித்துவிட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு பட் மட்டும் போட்டுட்டு வரேன்" என்பது செல்லாது, போட்டியில் அதற்குத் தண்டனை தகுதியிழப்பு. தனி மரத்தடியும் திறந்த பகியும் (மைதானத்து வண்டியும்) அடைக்கலம் ஆகாது. நாலு பக்கமும் சுவர் உள்ள கட்டடத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காடிக்குள்.

ஈரத் தரைக்கு விதியில் சலுகைகள் உண்டு, பாதிப் பேர் பயன்படுத்துவதே இல்லை. பந்து விழுந்த வேகத்தில் தன் குழியிலேயே புதைந்தால், பங்கர் (மணல் குழி) அல்லாத பொதுப் பகுதியில் இலவசமாக எடுத்து டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விடலாம்). நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கித் தெரிந்தாலும் அப்படியே. இரண்டிலும் பந்தைத் துடைக்கலாம். டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. தோளிலிருந்து போட்ட காலம் போய்விட்டது, பழைய ஆட்கள் கவனிக்கவும்.

ஜனவரி 19

"குளிரில் பந்து போகாவிட்டால் ஹீட் பேக்கில் வைத்துச் சூடாக்கலாமே?" என்கிறார் பூச்சோங் நண்பர். சும்மா விளையாட்டுக்கு என்றால் உங்கள் இஷ்டம். போட்டியில் வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடித்தால் தகுதியிழப்பு. விதிப் புத்தகத்தில் சூடாக்குவது என்றே எழுதியிருக்கிறது, உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

தூரம் பார்க்கும் லேசர் கருவியிலும் சரிவைக் கணக்குப் போடும் வசதி இருந்தால் போட்டியில் அதை அணைத்துவைக்க வேண்டும். தூரம் மட்டும் பார்க்கலாம். நட்பு ஆட்டத்தில் யார் கேட்கப் போகிறார்கள், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தோராயமாக, பத்து மீட்டர் இறக்கத்துக்குப் பத்து மீட்டர் கழியுங்கள், ஏற்றத்துக்குக் கூட்டுங்கள்.

ஜனவரி 25

பையில் என்ன வைப்பது. பெரிய பட்டியல் எல்லாம் இல்லை. கையுறை மட்டும் மூன்று நாலு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில். பனியில் நனைந்த கையுறை வழுக்கும், வழுக்கும் கை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் எல்லாம் வலப்பக்கம். இரண்டு துண்டு. ஒன்று பந்துக்கும் கிளப்புக்கும், இன்னொன்றைக் குடைக்குள் தொங்கவிட்டுக் கைப்பிடியைத் துடைக்க மட்டும். மெல்லிய ஸ்வெட்டர், கழற்றி மாட்ட வசதியாக. பத்து மணிக்கு மேல் வெயில் வந்துவிட்டால் குளிரும் தெரியாது, தோல் கருகுவதும் தெரியாது. சன் கிரீமைச் சிரித்துக்கொண்டே ஒதுக்கியவர்கள் சாயங்காலம் தக்காளி மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காலணியைக் காயவைக்கப் பழைய நாளிதழ். ஒருமுறை நாங்கள் தங்கிய விடுதியில் ஈரக் காலணியை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரவு முழுதும் வெளியே பனியில் கிடந்து காலையில் இன்னும் ஈரமானது. நாளிதழ் இருந்தால் உள்ளே திணித்து, பையில் போட்டு, சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய்விடலாம்.

பிப்ரவரி 3

எங்கள் நாலாவது ஆள் கழன்றுவிட்டார். வேண்டுதல். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரைக்கும் வெறுங்காலில் நடந்து, அப்புறம் 272 படி. பாதம் முழுவதும் கொப்புளம். அவரிடம் கோல்ப் ஷூ போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சித்தப்பா தானாகவே, "அப்போ ஒரு சீட்டு காலிதானே" என்றார். ஆட மாட்டார், சும்மா கூட வருவாராம்.

பிப்ரவரி 13

போய் வந்தாயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கேட்டவர்கள் பலர்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். தாப்பாவில் டீ குடித்து மெதுவாக ஏறினோம். ரிங்லெட்டில் நிறுத்தியபோது வங்கிக்காரர் பின் இருக்கையிலிருந்து ஒரு முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். கேஎல்லில் தொளதொள என்று இருந்தது, இப்போது தலையணை போல் உப்பி, விரலால் தட்டினால் டப்டப் என்கிறது. வெளிக் காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைத்த காற்று விரிகிறது. "இதே பத்து விழுக்காடு பந்துக்கும் உண்டு" என்றார். பந்துக்குள் காற்றே இல்லையே என்றேன். அதற்குள் சித்தப்பா பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்.

புதன் எட்டு இருபதுக்கு டீ-ஆஃப். பனி கலைந்துகொண்டிருந்தது, மரங்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. வங்கிக்காரர் தன் கணக்கில் பிடிவாதமாக ஒரு நம்பர் குறைத்தே எடுத்தார். நான் அரை நம்பர். அரை நம்பர் என்றால் அதே கிளப்பைக் கைப்பிடியில் இரண்டு விரல் கீழே பிடித்து நிதானமாகச் சுற்றுவது. முதல் சில குழிகளில் அவர் பந்து தொடர்ந்து கிரீனுக்கு முன்னால் விழுந்தது. பத்து மணிக்கு மேல் வெயில் வந்து ஸ்வெட்டரைக் கழற்றியதும் அவர் பந்து சேர ஆரம்பித்தது, என்னுடையது சில கிரீனில் பின்னால் ஓடியது. ஆக, காலையில் அரை நம்பர், வெயில் ஏறியபின் கொஞ்சம் கூட என்று என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். வங்கிக்காரர் இதைத் தன் வெற்றியாக வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார்.

சரிவில் நிற்கும் ஷாட்தான் எங்களைக் கொன்றது. கேஎல் மைதானங்களில் பந்து சமதளத்தில் உட்கார்ந்திருக்கும், அதற்கே பழகிய உடம்பு. வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தை விட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம். தெரிந்ததுதான், ஆனால் அந்த இடத்தில் நின்று கொடியைப் பார்த்ததும் மறந்துபோகிறது. எங்களோடு ஆடிய மூன்றாமவர், டாக்டர் மட்டும் புத்திசாலி. சரிவில் எங்கே நின்றாலும் முக்கால் சுற்றுதான், சமநிலை போகாது. எங்கள் மூன்று பேரில் குறைந்த ஸ்கோர் அவருடையது.

சித்தப்பா எல்லாக் குழிக்கும் வரவில்லை. அங்கங்கே வந்து சேர்ந்துகொள்வார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒரு கிரீனில் எனக்கு நாலு மீட்டர் பட். நான் குனிந்து, உட்கார்ந்து, மறுபக்கம் போய் எல்லாம் பார்த்து வலப்பக்கம் வளையும் என்று முடிவு செய்தேன். அவர் கிரீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் புல்லுக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டு இருந்தது, காலால் அதைச் சுட்டிக்காட்டினார். இடப்பக்கம் ஓடியது வாய்க்கால். நான் மதிக்காமல் அடித்தேன். பந்து வாய்க்கால் பக்கமே போனது. அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒவ்வொரு கிரீனிலும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தோம்.

ஒரு மணிக்கு முன்னால் முடித்தோம். பக்கத்தில் ஸ்மோக்ஹவுஸில் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் சாப்பிடலாம் என்றது கூட்டம். சித்தப்பா, "அதெல்லாம் துரைங்க சாப்பாடு" என்று தானா ராத்தாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ரசத்துக்கு இரண்டாம் முறை கை நீட்டும்போது வெளியே மழை கொட்டியது. சரியாக இரண்டே கால். எங்களுக்குப் பின்னால் ஆடிய பிளைட் அப்போது எங்கே இருந்திருக்கும் என்று யோசித்தோம்.

இறங்கும் வழியில் பீடோரில் வாத்து மீ.

பிப்ரவரி 15

"வாய்க்கால் விதி எல்லா கிரீனுக்கும் பொருந்தாது" என்று பினாங்கு நண்பர் எழுதியிருக்கிறார். புக்கிட் ஜம்புலில் ஆடுபவர், அந்த மைதானமே மலையைக் குடைந்து 1984இல் போட்டது, அதனால் பேச அவருக்குத் தகுதி உண்டு. அவர் சொல்வது: கட்டியவர் கிரீனுக்குள்ளேயே தனியாக மேடு பள்ளம் வைத்திருப்பார், குழிக்குப் பக்கத்தில் அதுதான் ஜெயிக்கும், புல் படுத்திருக்கும் திசையும் சேரும்.

ஒப்புக்கொள்கிறேன். நீண்ட பட்டுக்கு மலையையும் வாய்க்காலையும் பாருங்கள், கடைசி இரண்டு மீட்டருக்குக் கிரீனைப் பாருங்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கடைசி ரெண்டு மீட்டர்ல துரை என்கிட்ட கேக்க மாட்டாரு" என்றார்.

பிப்ரவரி 19

முதலில் கேள்வி கேட்ட சுபாங் நண்பர் இன்னும் போகவில்லையாம், மார்ச்சில் போகலாமா என்கிறார். நோன்பு மாதத்தில் வார நாளில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், போகலாம். ஆனால் மார்ச் மூன்றாம் வாரம் பெருநாள் வருகிறது. அதையொட்டி முன்னும் பின்னும் பத்து நாள் தாப்பா சாலைப் பக்கமே போகாதீர்கள். ஏப்ரல், மே மழை. அதற்குப் பிறகு ஜூன், ஜூலை கொஞ்சம் காய்ந்த மாதங்கள், பள்ளி விடுமுறைத் தேதியை மட்டும் பார்த்து ஒதுங்கிக்கொண்டால் போதும். மைதானத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, அன்றைக்குப் போட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் அந்த நாலு மணித் திட்டத்தை விடவில்லை போலிருக்கிறது, "மூன்றரைக்குக் கிளம்பினால்?" என்று கேட்டிருக்கிறார். அவானாவுக்குப் போங்கள் அண்ணே.